நான்கு பல்புகளும் ஒரு சிவப்புப் பொட்டும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சரியாகப் பதினொரு நாட்கள், என் பிக்கப்பின் இரண்டு ஹெட்லைட் பல்புகளையும் வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிற பாஸ் சூசைதான் கழற்றி எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் யாரோ தூக்கிப்போட்ட கருகல் பல்புகளைப் பூட்டிவிட்டான் என்று நம்பினேன். சும்மா நம்பவில்லை, ஆதாரத்தோடு நம்பினேன். ஆதாரம் இல்லாமல் சந்தேகப்படுகிறவனையாவது பாவம் என்று விட்டுவிடலாம். கையில் ஆதாரம் வைத்துக்கொண்டு அலைகிறவன் எவ்வளவு பெரிய முட்டாளாக முடியும் என்பதற்கு நானே சாட்சி.

இதை இப்போது கிளறிவிட்டது ஒரு வாசனை. போன ஞாயிறு பூசைக்குப் புறப்படும் நேரம், டீச்சர் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து கியூட்டெக்ஸ் போத்தலைத் திறந்தார். டீச்சர் என்றால் என் மனைவிதான். யாழ்ப்பாணத்துக்காரர், வத்தேகமவுக்குப் படிப்பிக்க வந்த இடத்தில் என்னிடம் மாட்டிக்கொண்டவர். கல்யாணத்துக்கு முன் டீச்சர் என்று கூப்பிட்டுப் பழகிய வாய் இருபது வருடமாகியும் திருந்தவில்லை. எந்தக் கம்பனியின் நகப்பூச்சாக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் அதற்குக் கியூட்டெக்ஸ் என்றுதான் பெயர். மூடியைத் திருகியதும், அழுகத் தொடங்கிய வாழைப்பழத்தைப் பெயின்ட் கடைக்குள் வைத்தது போல ஒரு வாசனை அறை முழுக்கப் பரவியது. எனக்குக் காது சூடேறிவிட்டது. டீச்சர் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்து, "என்ன, இண்டைக்கும் உங்களுக்குத் தேவைப்படுமோ?" என்றார். சப்பாத்துக்குப் பொலிஷ் போட வேண்டும் என்று வெளியே வந்துவிட்டேன். பொலிஷ் முதல் நாளே போட்டாயிற்று.

பெயின்ட் வாசனை வந்தால் எனக்குக் கூடவே கதிரைகள் வரும். இருபத்திரண்டு வயதில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கதிரை வாடகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம், ஞானஸ்நானம், செத்த வீடு, கோயில் திருநாள் எல்லாவற்றுக்கும் கதிரை எங்களிடமிருந்துதான் போகும். எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், கதிரைகளைக் கவிழ்த்துப் போட்டு இருக்கைக்கு அடியில் சிவப்புப் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பது. பெரிய மனிதர்கள் செத்தால் ஒரு கடைக் கதிரை போதாது. மூன்று கடைகளிலிருந்து வந்து குவியும். எங்களுக்குச் சிவப்பு, மடவளைக் கடைக்குப் பச்சை, திகனக் கடைக்கு மஞ்சள். அடக்கம் முடிந்து திரும்ப ஏற்றும்போது ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துப் பிரிக்க வேண்டும். சனம் எழும்பாவிட்டால் குனிந்து அடியில் எட்டிப் பார்க்க வேண்டும். ஒருமுறை அழுதுகொண்டிருந்த பெரியவர் ஒருவரின் கதிரைக்கு அடியில் நான் தலையை விட்டபோது, காலில் விழுகிறேன் என்று நினைத்து அவர் என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். ஆசீர்வாதம் எனக்கு, கதிரை மடவளைக்காரருக்கு. பச்சைப் பொட்டு.

அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவே இல்லை. பிறகு சொந்தமாகக் கதிரை வாடகை தொடங்கி, பழைய ஜப்பான் பிக்கப் ஒன்றையும் வாங்கியபோது சிவப்புப் பொட்டும் கூடவே வந்தது. ஸ்பெயார் வீல், ஜாக்கி, பெட்டரி, வைப்பர், என் குடை, டோர்ச், பூசைக்குப் போட்டுக்கொண்டு போகிற செருப்பு வரை பொட்டு உண்டு. "என்ர நெத்தி ஒண்டுதான் மிச்சம்" என்பார் டீச்சர்.

இதில் நான் தனி ஆள் இல்லை. கண்டியில் பழைய ஜப்பான் வண்டி வைத்திருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வண்டியைக் கராஜில் விடுகிறவன் முதல் வேலையாக அரம் எடுத்து டைனமோவில் ஒரு கீறல் போடுவான். கழற்றினால் ஒரிஜினல் போய்விடும், சைனா வந்துவிடும் என்ற பயம். இப்போது போனில் படம் எடுக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளைக்கு ஒப்பரேஷன் என்றால் வெளியே வாங்கில் ஜெபம் சொல்லிக்கொண்டு இருக்கிற மனிதர், வண்டிக்கு என்றால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வேலை செய்கிற பாஸின் கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

நான் ஸ்டூல் போடாத ஒரே இடம் சூசையின் கராஜ். வத்தேகம டவுனுக்குக் கொஞ்சம் வெளியே, தகரக் கூரை, ஒரு தூணில் ஒரு ஆணி. வண்டிச் சாவியை அந்த ஆணியில் மாட்டுவேன், "டேய், பாத்துக்கடா" என்பேன், வந்துவிடுவேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். இருபத்தைந்து வருடமாக எங்களுக்குள் நடந்த ஒப்பந்தம் இவ்வளவுதான்.

சூசையும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் கதிரை ஏற்றப் போனபோது அவன் வயரிங் பழகப் போனான். அந்த நாட்களில் ஒருமுறை ஹுன்னஸ்கிரியவில் ஒரு கல்யாணத்துக்குக் கதிரை கொண்டு போனேன். முதலாளியின் வண்டி, நான் டிரைவர். கல்யாணச் சோற்றை நம்பிச் சூசையும் ஏறிக்கொண்டான். பின்னேரம் நாலு மணி இருக்கும். தெல்தெனிய தாண்டி ஏறத் தொடங்கியதும் மூடுபனி இறங்கிவிட்டது. அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், அது மெதுவாக வருவதில்லை, கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற சொந்தக்காரரைப் போல வரும். லைட்டைப் போட்டேன். இரண்டும் எரியவில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் உண்மையாகவே ஒன்றுமில்லை.

வயரைப் பிடித்து இழுத்துப் பார்த்த சூசை கையை விரித்தான். "எறங்கி முன்னால நடக்கிறேன், பாத்து வா" என்றான். போட்டிருந்ததோ வெள்ளைச் சேர்ட். மூடுபனிக்குள் வெள்ளைச் சேர்ட் நாலு அடியில் காணாமல் போனது. நான் போட்ட சத்தத்தில் திரும்பி ஓடி வந்து, பின்னாலிருந்து சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். "இது தெரியுதாடா?" தெரிந்தது. அந்தக் கதிரை முன்னால் நடந்தது, நான் பின்னால் ஊர்ந்தேன். வளைவு வந்தால் கதிரை நிற்கும், கை ஒன்று அசையும். எதிரே வந்த பஸ்காரர் நிறுத்தி, கண்ணைக் கசக்கி, ஒன்றும் கேட்காமல் போனார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கதிரையைத் தலையில் சுமந்து வந்த மரியாதையைப் பார்த்து அங்கிருந்தவர்கள் இது ஏதோ கண்டிப் பக்கத்துச் சடங்கு என்று நினைத்துவிட்டார்கள்.

இவனைத்தான் நான் சந்தேகப்பட்டேன். எப்படி என்று சொல்கிறேன்.

இந்த வருடம் மழைக்கு முன்னால் பிக்கப்பின் இடப்பக்க ஹெட்லைட் போனது. சரி, ஒரு பல்ப்தானே என்று, போன பல்பைக் கைலேஞ்சியில் சுற்றிச் சாம்பிளாக எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன். வயதான பல்ப், அடியிலிருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. மூன்று கால் உள்ள பல்ப் என்பது மட்டும் தெரியும். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி முதல் கடையில், தம்பி ஒருவர் பல்பைத் தொட்டும் பார்க்காமல் கொம்பியூட்டரைப் பார்த்தார்.

"மொடல் சொல்லுங்க அங்கிள்."

சொன்னேன்.

"வருஷம்?"

சொன்னேன்.

"இது சிஸ்டத்துல இல்லியே அங்கிள்." வண்டி வெளியே நிற்கிறது, சிஸ்டத்தில் இல்லை. பிறகு அவரே இரக்கப்பட்டு, பின்பக்கத்தில் சின்ன ஃபேன் வைத்த எல்.இ.டி. ஒன்றை எடுத்து வைத்தார். "இத போட்டா பகல் மாதிரி இருக்கும்." எனக்கு உடனே சந்தேகம். மூடுபனிக்குள் வெள்ளை லைட்டைப் போட்டால் அது திரும்பி நம் கண்ணுக்குத்தான் வரும், முன்னால் ஒரு சுவர் எழுப்பியது போல. கண்டியில் கடை வைத்திருக்கிறவருக்கு இது தெரியாதா? தெரிந்துகொண்டே விற்கிறார் என்று முடிவு செய்தேன். இரண்டாவது கடையில் வொட் கூடிய பல்ப். அதைப் போட்டால் ஹோல்டர் உருகும். மூன்றாவது கடையில் கால் ஒன்று இடம் மாறியிருந்தது. "கொஞ்சம் ஃபைல் போட்டா உள்ள போயிரும்" என்று அரத்தைக் கையில் எடுத்தார். நாலாவது கடையில் பெட்டிமேல் மினுங்குகிற ஸ்டிக்கர், அதைச் சுரண்டினால் நம்பர், நம்பரைப் போனில் அடித்தால் ஒரிஜினல் என்று வரும். இவ்வளவு சத்தியம் செய்கிற பொருளை எப்படி நம்புவது? அதையும் வைத்துவிட்டு வந்தேன். ஒரு பல்புக்காக ஒரு நாளில் நாலு பேரைத் திருடர் ஆக்கியாயிற்று. ஐந்தாவது ஆள்தான் சூசை. கொஞ்சம் பொறுங்கள்.

கடைசியில் மடவளைக்குப் போனேன், நிஸாம் நானாவின் பார்ட்ஸ் கடைக்கு. முதலிலேயே போயிருக்கலாம். நானா பல்பைக் கையில் வாங்கி, மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, ஏணியில் ஏறித் தூசி பிடித்த பெட்டி ஒன்றோடு இறங்கினார். "மூணு சோடிதான் ஈக்கி தம்பி. இது முடிஞ்சா இந்தச் சாமான் இல்ல."

நானாவின் மேசையில் ஒரு பழைய பெட்டரி இருக்கும், அதிலிருந்து இரண்டு வயர். ஒரு காலத்தில் கண்டியில் எல்லாப் பார்ட்ஸ் கடையிலும் அப்படி ஒன்று இருந்தது. பல்பைத் தொட்டுக் காட்டுவார்கள். எரிந்தால் வாங்குவோம், அவ்வளவுதான் கேரண்டி. இப்போது பெட்டியைத் திறந்தாலே திருப்பி எடுக்க மாட்டார்கள். நானா வயரைத் தொட்டார். முதலில் ஒரு இழை, பிறகு அடுத்தது. நல்ல மஞ்சள், சோற்றில் பருப்பு ஊற்றியது போல. அந்த மதிய வெயிலிலும் நானாவின் தாடி ஒரு நிமிடம் பொன்னாகிப் போனது. எனக்கு அதைப் பார்த்ததும் வயிறு நிறைந்துவிட்டது.

பல்புகளைப் பெட்டியில் திரும்ப வைக்கும்போது நானா ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. எரிய வைத்துக் காட்டிய பல்பைத்தான் பெட்டிக்குள் வைக்கிறாரா, மேசைக்கு அடியில் வேறு ஒன்று இருக்கிறதா என்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை அன்றைக்குக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

பழைய ஹோல்டர் சூட்டில் உருகியிருந்ததால் நானே பூட்ட முடியவில்லை. சூசையிடம் வண்டியை ஒரு நாள் விட வேண்டும். இரண்டு பல்பும் புதிதாக மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இங்கேதான் கை பரபரத்தது. சூசை மேல் சந்தேகம் எதுவும் இல்லை, சத்தியமாக. ஆனால் மூன்று சோடியில் ஒரு சோடி, இனிக் கிடைக்காத சாமான், அதைப் பொட்டில்லாமல் வீட்டை விட்டு அனுப்புவதா? பெயின்ட் டின்னைத் திறந்தேன், காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. டீச்சரின் மேசையில் கியூட்டெக்ஸ் இருந்தது. அதுவும் சிவப்புத்தான்.

பொட்டை எங்கே வைப்பது என்று ஒரு பெரிய இஞ்சினியரைப் போல யோசித்தேன். அடியிலிருக்கிற இரும்பில் வைத்தால் பூட்டியதும் உள்ளே மறைந்துவிடும். கண்ணாடியில் வைத்தால் ஹெட்லைட்டுக்கு முன்னால் குனிந்தாலே உள்ளே சிவப்பாகத் தெரியும். ஆகவே கண்ணாடியில், ஒவ்வொரு பல்புக்கும் ஒன்று, நல்ல உருண்டையாக. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் டீச்சர் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார். "இஞ்சாருங்கோ, என்ர கியூட்டெக்ஸை ஆர் எடுத்தது?" வெளியே வந்து என் கையைப் பிடித்துத் திருப்பினார். "உங்கட விரலில என்ன சிவப்பு? ஆருக்குப் பூசிவிட்டனீங்கள்?"

"பல்புக்கு."

"பல்புக்கோ? பொய் சொல்லுறதெண்டாலும் கொஞ்சம் நம்புற மாதிரிச் சொல்லுங்கோ."

ஒருவர் நம்மைச் சந்தேகப்படும்போது உண்மையைச் சொல்வதும் உதவாது என்று அந்த இரவுச் சாப்பாட்டில் அறிந்துகொண்டேன். சொதி மட்டும்தான் கிடைத்தது. அறிந்துகொண்டதை மூன்று நாட்களில் மறந்தும் போனேன்.

மறுநாளே பொட்டு வைத்த பல்புகளோடு வண்டியைச் சூசையிடம் விட்டு, அவன் பூட்டித் தந்ததும் எடுத்து வந்தேன். மூன்றாவது நாள்தான் ஹுன்னஸ்கிரியத் திருநாள். தோட்டத்துக் கோயிலுக்கு நூற்றைம்பது கதிரை. அதே ரோட்டு, அதே பின்னேரம், சொல்லிவைத்தது போல அதே மூடுபனி. ஆனால் இப்போது என்னிடம் நானாவின் மஞ்சள் வெளிச்சம் இருந்தது, கொஞ்சம் பாட்டும் பாடிக்கொண்டு போனேன். ஒரு வளைவில் வலப்பக்கம் போனது. பாட்டை நிறுத்தினேன். அடுத்த வளைவில் இடப்பக்கமும் போனது. புனித அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். பிறகு அதை ஒரு கட்டு ஆக்கினேன், பிறகு இத்தாலியில் அவருடைய ஊரான பாதுவாவுக்கே வருவதாகச் சொன்னேன். எனக்குப் பாஸ்போர்ட் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு லைட்டுகளைப் பிடித்துக்கொண்டு ஒட்டி ஒட்டிப் போனேன். பஸ் திரும்பியது, நானும் திரும்பினேன். நின்றது, நானும் நின்றேன். டிரைவர் இறங்கி என்னிடம் வந்து, அது அவருடைய வீட்டு வளவு என்றும், வந்ததற்காக வேண்டுமானால் ஒரு தேத்தண்ணி தருவதாகவும் சொன்னார்.

அங்கேயே குனிந்து ஹெட்லைட்டுக்குள் பார்த்தேன். சிவப்பு இல்லை. கழற்றிப் பார்த்தேன். என் இரண்டு பொட்டும் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ தீய்ந்து, கண்ணாடி கொஞ்சம் வீங்கிப் போயிருந்தது. நான் வைத்தது சிவப்பு. இது கறுப்பு. ஆகவே இது என் பல்ப் இல்லை. கதிரைக் கணக்கில் இருபத்தைந்து வருட அனுபவம். பச்சைப் பொட்டுக் கதிரையைச் சிவப்பு என்று ஏற்றுவேனா?

விடிந்ததும் சூசையின் கராஜுக்குப் போனேன். ஸ்கூல் வேன் ஓட்டுகிற ராஜு நின்றான், இரண்டு மூன்று த்ரீவீல்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

"டேய், என் பல்பு எங்கடா?"

"என்னா பல்பு?" வயரை வாயால் உரித்துக்கொண்டே கேட்டான்.

"நான் குடுத்த பல்பு. இது எவன் பல்பு?" கறுப்புப் பொட்டுப் பல்புகளை மேசையில் வைத்தேன். "நான் அடையாளம் வச்சுத்தான் குடுத்தேன்."

அவன் வாயிலிருந்து வயரை எடுத்தான். "அடையாளம் வச்சியா? எங்கிட்ட விட்ட வண்டிக்கா?"

"வச்சதாலதானே தெரிஞ்சிச்சு!"

ராஜு இருமினான். சூசை துணியில் கையைத் துடைத்தான், விரல் விரலாக, ரொம்ப நேரம். "நான் எடுக்கலடா" என்றான். நான் அந்த வார்த்தையை எடைபோட்டுப் பார்த்து, கொஞ்சம் குறைகிறது என்று முடிவு செய்து, பல்புகளையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

வத்தேகம சின்ன ஊர். மூன்றாவது நாள் ராஜுவின் ஸ்கூல் வேன் திகனயில் வேறு ஒரு கராஜில் நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் பார்க்காததுபோல் போனேன். சூசைக்குப் பெரிய போர்டு இல்லை, ரிசீட் புத்தகம் இல்லை. அந்தத் தூணில் ஆணி இருப்பதே, மனிதர்கள் சாவியை மாட்டிவிட்டுப் போவார்கள் என்பதால்தான். அதில் நான் கைவைத்துவிட்டேன் என்று தெரிந்தது. தெரிந்தும், நான் சரிதான் என்ற கர்வம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

நானாவிடம் இரண்டாவது சோடி வாங்கினேன். இந்த முறை பூட்டியது நானே. புது ஹோல்டரைச் சூசை ஏற்கெனவே போட்டிருந்தான், அதற்கு நன்றியும் சொல்லாமல் பூட்டினேன். கராஜ் பக்கமே போகாத வண்டிக்கு எதற்குப் பொட்டு என்று கேட்பீர்கள். இரவில் வந்து மாற்றினால்? பொட்டை இன்னும் பெரிதாக, ஐம்பது சத நாணயம் அளவுக்கு வைத்தேன். மறுநாள் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் வருவதற்குள் ஒன்று போனது. அடுத்த நாள் மற்றது. கழற்றினால் மறுபடியும் கறுப்பு.

இப்போது நேர்மையான மனிதன் என்ன யோசித்திருப்பான்? சூசை கையே வைக்காத பல்பும் இப்படித்தான் போகிறது, ஆகவே சூசை எடுக்கவில்லை என்று யோசித்திருப்பான். நான் யோசித்தது: நானாவும் சூசையும் கூட்டு. ஒருவர் கருகலை விற்கிறார், மற்றவர் பூட்டுகிறார், மடவளையிலிருந்து வத்தேகம வரை ஒரு வலையே ஓடுகிறது. நாலு பல்புகளையும் பையில் போட்டுக்கொண்டு, வழியில் சொல்ல வேண்டிய வசனங்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு மடவளைக்குப் போனேன்.

வசனம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நானா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது நான் தந்த சாமான்தான் தம்பி. ஆனா இந்தக் கறுப்பு எங்கால வந்த?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்."

நானா கறுப்பைப் பெருவிரல் நகத்தால் சுரண்டினார். மேலே இருந்த கரி உதிர்ந்தது. அடியில், ஓரமாக, வெந்து போகாமல் தப்பிய ஒரு துளி. சிவப்பு. நானா அதை மூக்கில் வைத்து மணந்தார். பிறகு என் விரல் நுனியைப் பார்த்தார். அதில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பல்புக்குக் கியூட்டெக்ஸ் போட்டீங்களா?"

விரலை மடக்கிக்கொண்டேன்.

"அட அல்லாஹ்வே!" நானா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்து, இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. "நான் அன்டைக்கே சென்னேனே, கண்ணாடில வெரல்கூட வைக்க வாணாம்னு! வேர்வை பட்டாலே சூட்டுல வெடிச்சுப் போற சாமான். பெட்டிலகூட படம் போட்டு ஈக்கி, பாருங்க." பார்த்தேன். ஒரு கை, ஒரு பல்ப், மேலே பெரிதாக ஒரு குறுக்குக் கோடு. பெட்டியின் ஸ்டிக்கரையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற நான், அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை.

கடைசிச் சோடியை நானா தானாகவே ஒரு துணியில் சுற்றித் தந்தார். "இதுக்கு மேல இல்ல" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சூசையின் கராஜுக்கு நான் காலையில், ஆட்கள் கூடுகிற நேரம் பார்த்துத்தான் போனேன். சொன்னது எல்லார் முன்னாலும், சொன்னதைத் திரும்ப எடுப்பதும் எல்லார் முன்னாலும்தான் என்று. ராஜு இல்லை, அவனைத் தேடிப்போய்க் கூட்டி வந்தேன். பொட்டு வைத்த கதையை ஆதியிலிருந்து சொன்னேன். த்ரீவீல்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராஜு என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தான். "காலுக்கும் போட்டீங்களாண்ணே?" என்றான். அடுத்த வாரம் அவனுடைய வேன் இங்கே திரும்பி வந்துவிட்டது. அந்த மட்டில் சந்தோஷம்.

சூசை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கையைக் கழுவி, ஒரு துண்டுப் பேப்பரால் பல்பின் அடியைப் பிடித்து, கண்ணாடியில் விரல் படாமல் பூட்டத் தொடங்கினான். நான் வழக்கம்போலச் சாவியை ஆணியில் மாட்டி, "டேய், பாத்துக்கடா" என்று திரும்பினேன்.

"இருங்க" என்றான்.

யாரிடம் சொல்கிறான் என்று சுற்றிப் பார்த்தேன். என்னிடம்தான். மூலையிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையை இழுத்து வண்டிக்குப் பக்கத்தில் போட்டான். கதிரை என்னுடையதுதான், எந்தக் காலத்திலோ நான் கொடுத்தது. "ஒக்காந்து பாருங்க. வேலை முடியட்டும்."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? இரண்டு பல்பும் பூட்டி, எரிய வைத்துக் காட்டி, நான் கொண்டுவந்திருந்த பழைய நாலையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டு என் கையில் தந்தான். தெரியாத ஆட்களின் வண்டிக்குத்தான் அவன் அப்படிச் செய்வான், பிறகு பேச்சு வராமல் இருக்க. "பழசு. எண்ணிப் பாத்துக்கங்க."

இப்போதும் அவனிடம்தான் வண்டி போகிறது. நல்லாத்தான் பேசுகிறான், டீச்சரை விசாரிக்கிறான், பிள்ளைகளின் படிப்பைக் கேட்கிறான். எல்லாம் "நீங்க"தான். நான் "டா" போட்டால் அது போய் எங்கேயும் ஒட்டாமல் கீழே விழுகிறது. ஆணி இருக்கிறது, மற்றவர்கள் சாவி மாட்டுகிறார்கள். எனக்குக் கதிரை போட்டுவிடுகிறான். நானாவின் கடையை மகன் எடுத்து நடத்துகிறான். மேசையிலிருந்த பெட்டரியும் வயரும் போய், அந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்.இ.டி. மினுங்குகிறது. போன மாதம் ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறினேன். மூடுபனிக்குள் லைட் நன்றாக எரிந்தது. முன்னால் வெறும் ரோட்டு மட்டும் தெரிந்தது, தலையில் கதிரையோடு யாரும் இல்லை.

அந்தப் பொலித்தீன் பை எங்கள் கதிரைக் கொட்டிலில் தொங்குகிறது. நாலு பல்பும் உள்ளே இருக்கின்றன. சூசை எதையும் எடுக்கவில்லை. நானா போலி விற்கவில்லை. கண்ணாடியில் நான் வைத்த கியூட்டெக்ஸ் சூட்டில் கருகியது, கருகிய இடத்தில் கண்ணாடி வீங்கியது, பல்ப் போனது. நாலும் அப்படித்தான் போயின.